புழு வைக்காத தண்ணீர்

அத்தியாயம் 9

என் கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, துப்பறியும் மணவாளன் எங்கள் வீட்டுக் கொல்லையில் குந்தி உட்கார்ந்து கொசுப்புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்டுத் தொட்டி அது. சாவு வீட்டில் யாரும் தொட்டியைக் கழுவவில்லை. தண்ணீர் பச்சையேறி, முழுக்கப் புழுவாக நெளிந்துகொண்டிருந்தது.

"சார், நாம கொலைகாரனைப் புடிக்க வந்தோம். நீங்க மலேரியா டிபார்ட்மெண்டு வேலையைப் பாத்துக்கினு கீறீங்க" என்றான் அவருடைய உதவியாளன் பன்னீர்செல்வம்.

"கொஞ்சம் சும்மா இரு பன்னீர்."

"சும்மாத்தான் கீறேன். அந்தப் புழுதான் சும்மா இல்ல."

யார் சிரித்தாலும் எரிச்சல் வந்த நாட்கள் அவை. இவன் பேசினால் மட்டும் வரவில்லை. என் கணவர் வரதனும் இப்படித்தான் பேசுவார்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில் இருக்கிறது. அந்த வருஷம், எண்பதாம் வருஷம் பிப்ரவரியில், பட்டப்பகலில் சூரிய கிரகணம் பிடித்தது. அதற்கு முன்பே சென்னையிலிருந்து டாக்டர் ராஜாராம் என்று ஓர் ஆராய்ச்சியாளர் வந்து, ஊர்க் குட்டைக்கரையில் கூடாரம் போட்டிருந்தார். கிரகணத்தின்போது சூரியனிலிருந்து புதுவிதமான கதிர் ஒன்று வருகிறது, அது உயிருள்ளவற்றைத் தாக்குகிறது என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க டிக் டிக் என்று சத்தம் போடும் பெட்டிகளையும், கயிற்றில் ஆடும் ஓர் இரும்புக் குண்டையும் கொண்டுவந்திருந்தார். கிரகணத்தன்று காலையிலிருந்தே குட்டைப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று தமுக்கடிக்க வைத்தார். அவருடைய ஆட்களையும் தாமல் ஏரிக்கு அனுப்பிவிட்டார். ஊர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தது.

வரதன் மட்டும் வெளியே போனார். கிரகணத்தில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று காட்டுவதற்காகப் போனார். கூட வருவதாகச் சொன்ன நான்கு பேரையும் அவர்களுடைய அம்மாக்கள் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவர் தனியாகக் குட்டைக்கரைக்குப் போய், அங்கே மிதந்த மீன்களை எடுத்துச் சுட்டுத் தின்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், டாக்டர் ராஜாராமின் ஜீப்பிலேயே, செத்துப்போனார்.

சூரியன் பழிவாங்கிவிட்டது என்றது ஊர். போலீஸ், கெட்டுப்போன மீன் என்று எழுதி மூடிவிட்டது. எதைப் பொய் என்று அவர் வாழ்நாளெல்லாம் சொன்னாரோ, அதற்கே அவருடைய சாவு சாட்சியாகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் எப்படிச் செத்தார் என்று தெரிந்தாக வேண்டும் என்றுதான் காஞ்சிபுரத்திலிருந்து மணவாளனை வரவழைத்தேன்.

கோயில் தர்மகர்த்தா தாமோதரனுக்கும் வரதனுக்கும் பல வருஷப் பகை. எங்களுக்கு முதலில் அவர்மேல்தான் சந்தேகம். கிரகணத்தன்று அவர் சம்பந்தி வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருந்தார் என்று காரியத்தன்று தெரிந்துபோயிற்று. டாக்டர் ராஜாராமோ காரியத்துக்கு மறுநாளான அன்று சாயங்காலம் ஊரைவிட்டுக் கிளம்புகிறார். டெல்லியில் மாநாடு. அங்கே என் கணவரின் சாவைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப் போகிறாராம்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல சார்" என்றான் பன்னீர். "சூரியன் இந்த ஊருக்கு மட்டுமா மறைஞ்சுது? நேத்து சைக்கிள் எடுத்துக்கினு தென்னேரி, தாமல் ரெண்டு ஏரியும் போய்ப் பாத்துட்டேன். ஒரு கெண்டை கூட தலைவலின்னு சொல்லல."

 மணவாளனின் பார்வை தொட்டியை விட்டுக் கொல்லைக் கதவுக்கு உட்புறம் போயிருந்தது. அங்கே ஒரு மண்பானை. அதன்மேல் ஒரு தட்டு, சரியாக மூடாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடுக்கில் தர்ப்பைப்புல் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் தட்டைத் தூக்கினார். உள்ளேயிருந்து என் மாமியார் கோவிந்தம்மாள் ஓடி வந்தாள்.

"அத்த மட்டும் தொடாதே நைனா! கெரகணம் வுட்டதும் வூடு கயுவறதுக்கு மொண்டாந்து வச்ச தண்ணி அது."

"கழுவலையா?"

"எங்க கயுவறது? புள்ளையே பொணமா வந்துட்டான். எய்வுக்கு வந்தவளுங்க கெணத்துத் தண்ணிய எறச்சு வூட்டக் கயுவனாளுங்க. இத்த தொட வாணாம்னுட்டேன். சாவுத் தீட்டு வேற, கெரகணத் தீட்டு வேற. ஒரே தண்ணில ரெண்டயும் கயுவுவாங்களா?"

"அப்போ கிரகணத் தீட்டு?"

"அது இன்னும் இந்த வூட்ட வுட்டுப் போவல" என்றாள் அத்தை. அவள் அன்றிலிருந்து வெயிலில் இறங்குவதில்லை. சூரியன் இருக்கும் பக்கம் முகம் காட்டுவதும் இல்லை.

மணவாளன் என்னைக் கூப்பிட்டார். "ஈஸ்வரியம்மா, இந்தத் தொட்டியையும் பாருங்க, அந்தப் பானையையும் பாருங்க. ரெண்டும் அதே நாளிலிருந்து நிக்கிற தண்ணி."

பார்த்தேன். பானைத் தண்ணீர் தெளிவாக, அடி தெரியும்படி இருந்தது. ஒரு புழு இல்லை. மேலே மட்டும் மிளகுத்தூள் தூவினதுபோல ஏதோ மிதந்தது. குனிந்து பார்த்தால் அத்தனையும் செத்த கொசு.

"கொசு கூட கெரகணத்துக்கு விரதம் போல" என்று ஆரம்பித்த பன்னீர், அவனாகவே நிறுத்திக்கொண்டான்.

புழு நெளிந்த தொட்டியைப் பார்த்து வராத குமட்டல், அந்தச் சுத்தமான தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக் கிணற்றில் கொசுப்புழு தின்பதற்காகப் பஞ்சாயத்தில் சின்ன மீன் விட்டிருந்தார்கள். பன்னீர் வாளி போட்டு நாலைந்தைப் பிடித்து வந்தான். இரண்டைத் தொட்டியில் விட்டார் மணவாளன். அவை விருந்துக்கு வந்ததுபோலப் புழுக்களை விரட்டி விரட்டித் தின்றன. மற்றவற்றைப் பானையில் விட்டார். ஒரு சுற்றுச் சுற்றின. துள்ளின. பன்னீர் வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் வெள்ளை வயிறு மேலே தெரிந்தது.

"தர்ப்ப போட்டிருந்தனே" என்றாள் அத்தை.

"எந்தத் தண்ணி இது, பெரியம்மா?"

அவள் தயங்கினாள். "குட்டத் தண்ணி."

"குட்டைக்கு யாரும் போகக்கூடாதுன்னு தமுக்கடிச்சாங்களே?"

"அடிச்சா? வூடு கயுவ தண்ணி வாணாமா? அந்தாளு கூடாரத்துக்குள்ள இன்னாத்தையோ உருட்டிக்கினு இருந்தான். ஓரமாப் போயி ஒரு கொடம் மொண்டுக்கினு வந்துட்டேன்."

"எப்போ?"

"சோறாக்கறதுக்கு முன்ன. கெரகணம் புடிக்கறதுக்குள்ள தின்னு முடிக்கணுமில்ல?"

பன்னீர் விசிலடித்தான். "கெரகணம் புடிச்சது சாப்பாட்டுக்கு அப்பறம் சார். கதிரு முன்கூட்டியே டிக்கெட் வாங்கிக்கினு வந்து குட்டையில எறங்கிடுச்சு போல."

"கிரகணம் சூரியனைத் தொடுறதுக்கு முன்னாடி மொண்ட தண்ணி. அப்புறம் வெயிலே படாம வீட்டுக்குள்ள இருந்த தண்ணி" என்றார் மணவாளன். "ஆனா மீனைக் கொல்லுது. அம்மா, அன்னிக்கு நீங்க வெளியிலே வந்தீங்களா?"

"இல்லை. எனக்கு ஏழு மாசம். அத்தை என்னை உள்ளே வைத்துச் சாத்திவிட்டாள்."

"கடைசியா உங்க வீட்டுக்காரரை எப்போ பார்த்தீங்க?"

கூரைவீடு எங்களுடையது. ஓலை இடுக்கு வழியாக வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும். கிரகணம் பிடிக்க ஆரம்பித்ததும் அந்த வட்டப் பொட்டுகளில் ஒரு பக்கம் எலி கடித்ததுபோல ஆயிற்று. வரதன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கேமரா ஈஸ்வரி. நீ வெளியில வந்து பாக்க வேணாம், சூரியனே வூட்டுக்குள்ள வந்து தன் படத்தைக் காட்டுது பாரு' என்றார். ஒரு பொட்டு என் வயிற்றின்மேல் விழுந்தது. அத்தை அலறிக்கொண்டு போர்வையை எடுத்து வந்தாள். அவர் சிரித்துக்கொண்டே வெளியே போனார். அதுதான் கடைசி.

இதைச் சொன்னேன். மணவாளன் கொஞ்ச நேரம் எங்கள் கூரையையே பார்த்தார். பிறகு, "பங்களாவுக்குப் போகலாம். நீங்களும் வாங்கம்மா" என்றார்.

டாக்டர் ராஜாராம் தங்கியிருந்த பயணியர் பங்களாவில், வாசலிலேயே வாடை அடித்தது. மருந்து வாடையும் மீன் வாடையும் கலந்த ஒன்று. உள்ளே மேஜை நிறையக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் வாய் பிளந்த மீன்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு, அந்த மனிதர் வேகவைத்த முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"பத்திரிகையிலேர்ந்து வரோம்" என்றான் பன்னீர். "இவர் ஆசிரியர். இது எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட்."

டாக்டர் ராஜாராம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டைக்கு உப்புத் தேடினார். எழவு வீட்டுக்கு அவர் வந்தபோது, என் கணவரை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிய மனிதர் என்று நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தேன். அத்தை உள்ளே போய் மோர் கரைத்துக் கொடுத்தாள். இரண்டு வாரம்தான் ஆகிறது. என் முகம் அவருக்கு நினைவில்லை.

"என்ன வேண்டும், கேளுங்கள். பௌதிகம், வானவியல், உயிரியல் மூன்றும் சேருகிற இடத்தில் இருக்கிறது என் ஆராய்ச்சி" என்றார்.

"படம் ஏதாவது கிடைக்குமா சார்? எங்க வாசகர்களுக்குப் படம் இருந்தாத்தான் நம்பிக்கை" என்றார் மணவாளன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பழுப்பு உறையை எடுத்தார். முதல் படத்தை மேஜைமேல் வைத்தார். குட்டைக்கரைப் புங்கமரத்து நிழலில் மீன்கள் மிதந்தன.

"கிரகணத்தின் உச்சம். சூரியன் முக்கால்வாசிக்கு மேல் மறைந்துவிட்டது. அந்த நிமிஷத்தில்தான் மீன்கள் மேலே வந்தன. கதிரின் வேலை."

"அப்புறம் அந்த ஊர்க்காரர் ஒருத்தர்…"

"ஆமாம், ஆமாம். அதுதான் முக்கியமான பகுதி. மனித உடம்பில் படிப்படியாக என்ன நடக்கிறது என்று இதுவரை யாரும் படம் பிடித்ததில்லை."

சீட்டுப் போடுவதுபோல நாலு படங்களைப் போட்டார். முதலில் வரதன் கையில் சுட்ட மீனுடன் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். மூன்றாவதில் வாயிலும் மூக்கிலும் நுரை. நான்காவதை நான் முழுதாகப் பார்க்கவில்லை. அவருடைய சட்டைப் பொத்தானை மட்டும் பார்த்தேன். அன்று காலை நான் தைத்துக் கொடுத்த பொத்தான்.

 

"விழுந்த நிமிஷமே ஜீப்பில் போட்டுக் கிளம்பிட்டதா சொன்னாங்களே" என்றார் மணவாளன், குரலை உயர்த்தாமல்.

"உடனே கிளம்பிவிட்டேன். இதெல்லாம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் எடுத்தது. பாவம், காப்பாற்ற முடியவில்லை."

மணவாளன் அந்த நாலு படங்களையும் வரிசையாக அடுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஈஸ்வரியம்மா, சட்டை மேலே பாருங்க. மரத்து இலை இடுக்கு வழியா விழுந்த வெளிச்சத்தைப் பாருங்க. உங்க வீட்டுக் கூரை மாதிரிதான்."

அப்போதுதான் பார்த்தேன். மீனும் கையுமாகச் சிரிக்கிற படத்தில் அவர் சட்டை நிறையப் பொட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கடிபட்டு. கீழே கிடக்கிற படத்தில் எல்லாம் நகக்கீறல்போல மெல்லிய பிறைகள். நுரை தள்ளுகிற படத்தில் பிறைகள் மறுபக்கம் திரும்பிப் பாதியாகப் பருத்திருந்தன. கடைசிப் படத்தில் அவை அநேகமாக வட்டம். ஓரத்தில் ஒரு சின்ன மூளிதான் மிச்சம்.

"கிரகணம் முடியப்போகிற நேரம்" என்றேன். "அவர் விழுந்தது உச்சத்தில். அது முடிகிற வரைக்கும்… ஒரு மணி நேரத்துக்கு மேலே…"

"ஒரு மணி நேரத்துக்கு மேலே இவர் கேமராவோடு நின்னிருக்கார்" என்றார் மணவாளன். "ஜீப் பக்கத்துலயே இருந்தது. வரதனைக் காப்பாத்த நேரம் இருந்தது."

டாக்டர் ராஜாராமின் கை முட்டைத் தட்டில் நின்றுவிட்டது.

மணவாளன் முதல் படத்தை, செத்த மீன் மிதக்கிற படத்தை, மற்றவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதையும் பாருங்க சார். இது கிரகணத்தின் உச்சம்னு சொன்னீங்க. மரத்தடியிலே பொட்டு அத்தனையும் தட்டு மாதிரி முழு வட்டம். கிரகணம் பிடிக்கவே இல்லை. மீன் அதுக்கு முன்னாடியே செத்தாச்சு. நீங்க பொய் சொல்லலாம். சூரியன் அஞ்சு படத்திலேயும் மணி சொல்லியிருக்கு."

பன்னீர் தோள்பையிலிருந்து வாய் கட்டின ஒரு செம்பை எடுத்து ஜாடிகளுக்கு நடுவில் வைத்தான். "இது உங்க குட்டைத் தண்ணி சார். கெரகணத்தன்னிக்குக் காலையிலயே ஒரு அம்மா மொண்டு வச்சுட்டாங்க. முட்டை விக்கிக்கப் போவுது, ஒரு வாய் குடிங்க. கதிருதானே, தண்ணி இன்னா பண்ணும்?"

அந்த மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். செம்பையே பார்த்தார். பிறகு அவர் பேசியதுதான் இன்றுவரை என் காதில் அழுகிக்கொண்டு கிடக்கிறது.

"எண்ட்ரின். வயலுக்கு எல்லாரும் அடிக்கிற பூச்சிமருந்துதான். இரண்டு டின். மீனுக்குத்தான் ஊற்றினேன். போன கிரகணத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இனி இந்தப் பக்கம் இப்படி ஒரு கிரகணம் என் ஆயுளில் வராது. அந்த ஆள் வருவான் என்று நான் நினைத்தேனா? அவனாகத்தான் வந்தான். அவனாகத்தான் மீனை எடுத்தான்."

"உங்களைக் கேட்டாரா?" என்றேன் நான்.

அப்போதுதான் அவர் என்னை இரண்டாவது முறை பார்த்தார்.

"சாப்பிடலாமா என்று கேட்டான்."

"என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. ஆராய்ச்சி செய்கிறவன் குறுக்கிடக் கூடாது. கவனிக்கத்தான் வேண்டும்."

என் கணவர் விஞ்ஞானம் என்றால் எழுந்து நிற்கிறவர். அந்த மனிதரைப் பார்த்ததும் நம்மாள் ஒருத்தர் வந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டிருப்பார். அதனால்தான் கேட்டிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. எச்சில் ஊறியது. வராண்டாவுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

உள்ளே ஒரு ஜாடி உடைகிற சத்தம் கேட்டது. படங்களைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். பன்னீர் அவற்றை எப்போதோ சட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"வேணாம் சார், வாசல்ல எஸ்.ஐ. நிக்கறாரு, வர்றப்பவே ஆளனுப்பி வரவழைச்சுட்டோம். ஜன்னல் வழியா எல்லாம் கேட்டுட்டாரு. அவருக்கும் ஒரு முட்டை உரிச்சு வைங்க."

வெயில் தாழ்ந்த பிறகு வீட்டுக்கு வந்தோம். போலீஸ்காரர் ஒருவர் வந்து பானையை வாய் கட்டி எடுத்துப்போனார். மணவாளன் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து, சின்னச் சின்ன வார்த்தைகளில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் முடித்ததும் அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்போ சூரியன் ஒண்ணும் பண்ணலியா?"

"இல்லை அத்தை."

"அவன் தின்னது தப்பில்லயா?"

"தப்பில்லை. அந்த மனிதர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்."

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பித்தளை டம்ளரோடு வெளியே வந்தாள். அவளுடைய கல்யாணச் சீரில் வந்த டம்ளர், ஒருவரையும் தொடவிடமாட்டாள். எழவு வீட்டுக்கு வந்த பெரிய மனிதருக்கு அதில்தான் மோர் கொடுத்திருந்தாள். இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்திருந்தாள்.

அத்தனை நாளாக இறங்காத வெயிலில் இறங்கி, தெருமுனைக் குப்பைமேடு வரைக்கும் நடந்துபோய் அதை வீசினாள். திரும்பி வந்ததும் குடத்தை என் பக்கம் நீட்டாமல் பன்னீரிடம் நீட்டினாள்.

"அவ புள்ளத்தாச்சி. நீ போயி கெணத்துல தண்ணி எறச்சுக்கினு வாடா. வூட்டக் கயுவணும். இப்பத்தான் கெரகணம் வுட்டுது."